பின்பக்கமாக ஏறவும்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் யாரும் படித்ததில்லை. பாதுகாப்பு வாசலில் நிற்பவர் படத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், போ என்று தலையை ஆட்டுவார். மற்றபடி, விமான நிலையத்தின் பழைய முனையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற இருபத்தெட்டுப் பேருக்கும் அவர் பிரேக்கண்ணன். பயணி உட்காரும்போது ஒரு தடவை, எழுந்திருக்கும்போது ஒரு தடவை, நடுவில் லிஃப்டுக்கு நிற்கும்போது ஒரு தடவை, "பிரேக்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் அழுத்துவார். வீட்டில் சும்மா நாற்காலியில் உட்கார்ந்தாலும் கை பக்கவாட்டில் எதையோ தேடும். "அது ஓடாதுங்க, அதுக்கு நாலும் கால்தான்" என்பார் மனைவி.

இருபத்தாறு வருடம். சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவரை, அங்கே ஆள் குறைகிறது, ஒரு வாரம் போய்த் தள்ளிவிட்டு வா என்று அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. பெட்டிக்கும் மனுஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் நாளே தெரிந்துகொண்டார். பெட்டி பயப்படாது. அதனால் சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குவார், பயணிக்குப் பள்ளம் தெரியாது. தரையில் இடுக்கு வந்தாலும் திருப்புவார். பெரிய சக்கரம் முதலில் தாண்ட வேண்டும், சின்னது பின்னால் வர வேண்டும். "சின்னச் சக்கரத்த மட்டும் நம்பிடாதீங்க, அது எங்க போறோம்னு தெரியாம ஆடிக்கிட்டே இருக்கும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார். இருபத்தாறு வருடத்தில் அவர் தள்ளிய ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார், கொஞ்சம் அடிக்கடியே சொல்லிக்கொள்வார்.

எல்லா விதமான ஆட்களையும் தள்ளியிருக்கிறார். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மாக்கள், மருத்துவம் முடிந்து திரும்புகிறவர்கள், திரும்பாதவர்களின் சொந்தக்காரர்கள். வரிசையில் நிற்கப் பிடிக்காமல் அன்றைக்கு மட்டும் கால் வராமல் போய்விடுகிற கனவான்களும் உண்டு. வரிசையைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "பார்த்தியா, நம்ம கைராசி. நொண்டி வந்தாரு, ஓடிப் போறாரு" என்பார் பிரேக்கண்ணன். கூடத் தள்ளுகிற, கண்ணாடி என்று பெயர் வாங்கியவள், சிரித்துச் சிரித்துத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.

கண்ணாடி அவருக்கு அடுத்தபடி மூத்தவள், பதினொரு வருடம் ஆகிறது. கூடப்பிறந்தவள் இல்லை, ஆனால் 'அண்ணே' என்று கூப்பிட்டால் கூடப்பிறந்தவள் கூப்பிடுவது போல இருக்கும். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகளை இந்தத் தள்ளுகிற கையால்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய முனையம் கட்டுகிறோம் என்று நான்கு வருடத்துக்கு முன் தகரத் தடுப்பு வைத்து மறைத்தார்கள். தகரத்தின் மேல் வருங்காலத்தை வரைந்து வைத்தார்கள். கண்ணாடிக் கூரை, உள்ளேயே மரம், முனையத்தையும் புதிய மெட்ரோ நிலையத்தையும் இணைக்கிற ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில். அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். படத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு போனார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர்கூட இருந்தார், அவரும் சிரித்தார்.

"அண்ணே, தள்ளுற ஆளே இல்லையே படத்துல" என்றாள் கண்ணாடி.

"வரைஞ்சவன் மறந்திருப்பான்."

"மறக்கிறவனா? நாற்காலியோட நிழலக்கூட வரைஞ்சிருக்கான் பாருங்க."

அவர் பார்த்தார். நிழல் இருந்தது. வேலை நேரமாகிவிட்டது என்று நகர்ந்துவிட்டார்.

திறப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது சூப்பர்வைசர் எல்லோரையும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறைக்குக் கூப்பிட்டார். கால் பலகை உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற அறை அது. இவர்களுடைய பைகளும் சாப்பாட்டு டப்பாக்களும் அங்கேதான் இருக்கும். சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். நல்ல செய்தி சொல்லும் அதிகாரம்தான் அவருக்கு இருந்ததில்லை.

"இங்க பாருங்க, சுத்தி வளைக்காம சொல்லிடறேன்" என்றார். "புது டெர்மினல்ல வாசல்லேர்ந்து உள்ள தள்ளுறதுக்கு ஆறு பேர் போதும்கிறாங்க. அங்கதான் எல்லாமே கிட்டகிட்ட இருக்கே. மிச்சப் பேருக்கு வேலை இருக்கணும்னா அது அந்த ரயில் பிளாட்பாரத்துலதான். வீல்சேர்ல வர்றவங்க தனியா ரயில் ஏற முடியாதுன்னா, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ரெண்டு பக்கமும் ஆள் போட்டாகணும். இருபத்தெட்டுப் பேரும் இருப்பீங்க. தனியாவே ஏறிடலாம்னா ஆறோட முடிஞ்சது."

"அத யாரு முடிவு பண்றது?" என்று கேட்டாள் கண்ணாடி.

"ஒத்திகை வைக்கிறாங்க. திறக்குறதுக்கு முன்னாடி ஆளுங்களப் பயணி மாதிரி நடிக்க வெச்சு எல்லாத்தையும் ஓட்டிப் பார்ப்பாங்க. ஒரு அதிகாரி கூடவே நின்னு எழுதுவாரு. ஏற முடிஞ்சதா, முடியலையா. அவ்வளவுதான்."

பிரேக்கண்ணன் தொண்டையைக் கனைத்தார். போன வாரம் தரை துடைக்கிறவர்களோடு போய்ப் பிளாட்பாரத்தை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல இடுக்கு ரெண்டு விரல் கூடவே இருக்கு. நேரா போனா சின்னச் சக்கரம் மாட்டும். நூத்துக்கு நூறு மாட்டும்."

சூப்பர்வைசரின் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளிச்சத்தைப் பார்த்தார்கள். "அப்ப நீங்களே பயணியா உட்காருங்கண்ணே. நேரா போங்க. மாட்டிக்கிட்டா அப்படியே உட்கார்ந்திருங்க. எதுவும் பண்ணாதீங்க. உட்கார்ந்திருக்கிறது மட்டும்தான் உங்க வேலை."

"இதென்ன பெரிய வித்தையா?" என்றார் பிரேக்கண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவருக்கு வைத்தாள். நம்பிக்கை வந்தால் மனிதர்களுக்குப் பசியும் வந்துவிடுகிறது, என்ன செய்வது!

அவர் குடியிருந்த தெரு விமானங்கள் இறங்குகிற வழிக்கு நேர்கீழே இருந்தது. தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, போனபின் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வது அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். சண்டையைக்கூட அப்படித்தான் போடுவார்கள். அன்று மாலை விஷயத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நான்கு விமானம் பிடித்தது.

"உட்காரணும், அவ்வளவுதானே?" என்றார் மனைவி. சலவைக்கூடத்தில் சீருடைகளுக்கு இஸ்திரி போடுகிறவர். நாள் முழுக்க நின்றே வேலை. "இருபத்தெட்டுக் குடும்பம் நீங்க உட்கார்றதுலதான் இருக்குன்னா உட்காருங்க. நானும் பார்க்கிறேன், கல்யாணமானதுலேர்ந்து நீங்க முழுசா பத்து நிமிஷம் உட்கார்ந்து நான் பார்த்ததில்ல." ஒரு விமானம் போனது. அது போனபின் தொடர்ந்தார்: "இப்பவே உட்காருங்க, பார்க்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாதவர் போல நடித்தார். ஒரு நொடிதான், பிரேக்கண்ணன் எழுந்து குடத்தைப் பிடித்துவிட்டார். "விளங்கினாப்லதான்" என்றார் மனைவி. இருவரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்கத்தான் முடிந்தது.

ஒத்திகை நாளன்று புதிய முனையத்தில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. முந்நூறு பேர் பயணிகளாக வந்திருந்தார்கள். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். ஒருவர் மொழி தெரியாதவர், ஒருவர் கைக்குழந்தைக்காரி, குழந்தைக்குப் பதிலாக ஒரு பொம்மை. பிரேக்கண்ணனின் அட்டையில், 'வயது எழுபது. நடக்க இயலாது. துணை இல்லை. மெட்ரோவுக்குச் செல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தன்னையறியாமல் "பிரேக்" என்றார். பக்கத்தில் நின்ற அதிகாரி சிரித்தார். கையில் டேப்லெட், காலில் புதுச் செருப்பு, பேச்சில் மரியாதை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது செய்யலாம்.

கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டே பிளாட்பாரத்துக்கு வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசரும் கண்ணாடியும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்ப்பவர்கள் போல நின்றார்கள். ரயில் வந்தது, கதவு திறந்தது. அவர் நேராகப் போனார். சொல்லிவைத்தாற்போலச் சின்னச் சக்கரம் இரண்டும் இடுக்கில் இறங்கி மாட்டிக்கொண்டன. ஆ, என்ன அழகாக மாட்டின! கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டாள். இனி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

அதிகாரி குனிந்து பார்த்தார். டேப்லெட்டில் விரல் போனது. 'முடியவில்லை' என்ற கட்டத்துக்குத்தான் போனது, பிரேக்கண்ணனே பார்த்தார்.

அப்போது கதவு மூடப்போகிறது என்று மணி அலறியது.

அந்தச் சத்தம் அவர் காதில் இருபத்தாறு வருடமாக இருக்கிற சத்தம். லிஃப்டு, பேருந்து, விமானத்துக்கு ஏற்றிவிடுகிற தூக்கி, எல்லாவற்றுக்கும் அதே அலறல்தான். அது அலறினால் பயணிக்கு எதுவும் ஆகக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய கைகளுக்குத் தெரியும். கைகள் அவரைக் கேட்கவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து முன்பக்கத்தை இடுக்கிலிருந்து உருவின, ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் இழுத்து நாற்காலியை அப்படியே திருப்பின, பெரிய சக்கரத்தை இடுக்கின் மேல் ஏற்றி ஒரே இழுவையில் உள்ளே போய்விட்டன. சின்னச் சக்கரங்கள் நல்ல பிள்ளைகளாகப் பின்னால் வந்தன. அதிகாரியும் பின்னாலேயே தாவி ஏறினார், கதவு மூடியது. அவர் இரண்டு பக்கமும் அழுத்தி, "பிரேக்" என்றார்.

உள்ளே இருந்த ஒத்திகைப் பயணிகள் கைதட்டினார்கள். அதைவிடக் கொடுமை, அவர் சிரித்தார். மூன்று நான்கு நொடி பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கதவுக் கண்ணாடி வழியாகச் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பிரேக்கண்ணன் தன் கையால் கெட்டார், கூட இருந்தவர்களையும் கெடுத்தார்.

மெட்ரோ நிலையத்தில் இறங்கியதுமே அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அது கணக்குல வராதுங்க. அது எனக்குத் தெரிஞ்ச வேலைங்க. வர்ற பயணிக்கு அது தெரியாதுங்க."

"தெரியாதுன்னா சொல்லிக்கொடுத்துடலாமே" என்றார் அதிகாரி. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். "ஒரு படம் வரைஞ்சு ஒட்டினா போதும். ரொம்ப நல்ல யோசனை கொடுத்தீங்க, பெரியவரே."

"எழுபது வயசுக்காரங்க கையில அவ்வளவு பலம் இருக்காதுங்க."

"உங்க அட்டையிலயும் எழுபதுன்னுதானே போட்டிருந்தது?"

சூப்பர்வைசர் மேலிடத்துக்கு இரண்டு தடவை எழுதினார். இன்னொரு ஒத்திகை வையுங்கள், வேறு ஆளை உட்காரவைத்துப் பாருங்கள் என்று கேட்டார். ஒரு தடவை முடிந்தது முடிந்ததுதான் என்று பதில் வந்தது. "உட்கார்ந்திருங்கன்னு ஒண்ணே ஒண்ணுதானேண்ணே சொன்னேன்" என்று பிரேக்கண்ணனிடம் ஒரே ஒரு முறை கேட்டார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

பத்து நாளில் பட்டியல் வந்தது. இருபத்தெட்டு, ஆறாகியிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதுகூட இவ்வளவு சீக்கிரம் தேய்ந்திருக்காது. ஆறில் முதல் பெயர் யாருடையது என்று முதலில் ஒருவருக்கும் புரியவில்லை, ஏனென்றால் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. சூப்பர்வைசர்தான் சொன்னார், அது பிரேக்கண்ணன் என்று. 'ஒத்திகையில் சிறந்த ஒத்துழைப்பு' என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

படிக்கட்டு அறையில் வருடக்கணக்காகச் சிநேகிதமாக இருந்தவர்கள் டப்பாக்களை மூடிக்கொண்டு எழுந்தார்கள். "அதானே பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னது அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்லப்பட்டது. என் பெயரை எடுத்துவிட்டுக் கண்ணாடியின் பெயரைப் போடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தார். "நீங்க வேண்டாம்னா அந்த இடத்தையே எடுத்துடுவாங்கண்ணே, அஞ்சாயிடும்" என்றார் அவர். அதுவும் அடைபட்டது.

கடைசி நாளில் கண்ணாடி தன் பையை எடுத்துக்கொண்டு வந்து, பை வைத்துப் பூட்டுகிற பெட்டியின் சாவியை அவர் கையில் கொடுத்தாள். இதையெல்லாம் வாங்கிவைக்கிற பொறுப்பும் இப்போது அவருக்குத்தான் வந்திருந்தது.

"நான் வேணும்னு பண்ணலம்மா" என்றார்.

"தெரியும் சார்" என்றாள்.

பதினொரு வருடத்தில் அவள் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. திட்டவில்லை, அழவில்லை, சாபம் விடவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். "சார்னு கூப்பிட்டாளா?" என்று மனைவி கேட்டபோது விமானம் வந்தது. அது போனபின் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

முனையம் திறந்தது. எல்லாமே பளபளவென்றுதான் இருந்தது, குறை சொல்ல முடியாது. பிரேக்கண்ணனின் எல்லை, பிளாட்பாரத்துக்கு முன்னால் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோடு. அதுவரைக்கும் தள்ளலாம், தாண்டக் கூடாது. தாண்டி ஏதாவது ஆனால் காப்பீடு கிடையாது, தாண்டியவருடைய அட்டை அன்றைக்கே ரத்து. மேலே கேமரா இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், ரயில் கதவுக்கு அருகே சுவரில் படம் ஒட்டியிருந்தார்கள். முகமில்லாத ஒரு ஆள், நாற்காலி, வளைந்த அம்புக்குறி, கீழே 'பின்பக்கமாக ஏறவும்'. அதற்கும் கீழே உதவிக்கு அழுத்த ஒரு பொத்தான். அந்த ஆள் உடம்பைப் பின்னால் சாய்த்திருந்த விதத்தைப் பார்த்தால், யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இரண்டாவது நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெலிந்த கை. மடியில் ஒரு பை. அதை இறுக்கிப் பிடித்திருந்தார். மகன் மெட்ரோ நிலையத்தில் காத்திருப்பானாம். மஞ்சள் கோட்டில் நிறுத்தி, "பிரேக்" என்று சொல்லி அழுத்தினார்.

"இங்கேர்ந்து நீங்க தனியா போகணும்மா. படத்துல இருக்கிற மாதிரி திருப்பி ஏறணும்."

"நீங்க வரலையா?"

"எனக்கு இதுவரைக்கும்தாம்மா."

"அங்க யாராவது வருவாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "வருவாங்கம்மா" என்றார். பிரேக்கை விடுவித்தார்.

அந்த அம்மா மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போனார். ரயில் வந்தது. நேராகப் போனார், சின்னச் சக்கரம் மாட்டியது, மணி அலறியது. உதவ வந்த ஒருவர் முன்பக்கத்தைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, கதவு மூடுவதற்குள் தன் பெட்டியோடு உள்ளே ஓடினார். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், பாதிதான் திரும்பியது. கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பிரேக்கண்ணன் கைகளைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். "ஒண்ண முன்னாடி, ஒண்ணப் பின்னாடிம்மா! பின்னால சாயுங்க!" இரண்டாவது ரயில் போனது. அந்த அம்மா பொத்தானை அழுத்தினார், படத்தில் உள்ளபடி செய்யவும் என்று சுவர் பேசியது. மூன்றாவதும் போனது. பிரேக்கண்ணனின் கால் கோட்டுக்கு மேலே வந்து நின்றது. மேலே கேமராவைப் பார்த்தார். ஆறு, ஐந்தாகும் என்று நினைத்தார். வீட்டை நினைத்தார். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி அடுத்த பயணி காத்திருக்கிறார் என்று கூப்பிட்டது. போனார்.

இருபது நிமிடம் கழித்து இன்னொரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். அந்த அம்மா எப்படியோ உருட்டிக் கோட்டோரமாக வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பை அப்படியே இருந்தது. பிரேக்கண்ணன் பெரியவரைப் பக்கத்தில் நிறுத்தினார். "பிரேக்" என்று சொல்ல வாயெடுத்தார், சத்தம் வரவில்லை. கை மட்டும் அழுத்தியது.

"இங்கேர்ந்து எப்படிப் போறது?" என்று பெரியவர் கேட்டார்.

பிரேக்கண்ணன் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவே பெரியவருக்கு ஆறுதலாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்க, ஆள் வருவாங்க. இவருதான் சொன்னாரு."